கல்முனை: சந்தை நகரொன்றைக் காணும் முறை

ஊர் காணப் புறப்படுவோர் பெரும்பாலும் பெயர் பெற்ற பொருளொன்றைக் காணவே புறப்படுகின்றனர். கோட்டை, கோபுரம், அருவி, அழிந்த அரண்மனை என்றிவற்றுள் ஒன்றேனும் இல்லாத ஊர் அவர்க்கு வழியிலுள்ள ஊராக மட்டுமே தோன்றும். ஈழத்தின் கீழைக் கரையிலே கல்முனைக்கு நேர்ந்த கதியும் இதுவே. அறுகம்பையின் அலைகளை நாடித் தெற்கே செல்லும் வெளிநாட்டார் இவ்வூரைப் பஸ் வண்டியின் யன்னல் வழியே பார்க்கின்றனர். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் இதன் ஊடே கடந்து செல்கின்றனர். மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தெற்கேயுள்ள இவ்வூரிற் காண்பதற்கு என்ன உண்டு என்று வினவினால், ஊரவர் தாமே சிறிது தயங்கிப் பின்னர், “கடைத்தெருவைப் பாருங்கள்” என்பர். அத்தயக்கம் வேண்டியதில்லை. கல்முனையிற் காணத்தக்கது அதன் சந்தையே. அதனைக் காணும் முறை அறிந்தவர்க்குக் கோட்டை கொத்தளங்கள் சொல்லாத வரலாறொன்று அங்கே புலப்படும்.

சந்தையினாலே நகரான ஊர் உலகெங்கும் உண்டு. ஸ்பெயின் தேசத்தின் வடபகுதியில், பாஸ்க்கு மக்கள் வாழும் மலைநாட்டில், ஒர்திசியா என்றொரு சிறு நகர் இருக்கின்றது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 10,000 பேரே. 1512ஆம் ஆண்டில் அவ்வூர் தீக்கிரையாயிற்று. அப்போது அரசியாயிருந்த ஹுவானா, ஊர் மீண்டும் தழைக்கும்பொருட்டுப் புதன்கிழமைதோறும் சந்தை கூட்டும் உரிமையை அதற்கு அளித்தாள். ஐந்நூறு ஆண்டுகளின் பின்னரும் அச்சந்தை புதன்கிழமையன்றே கூடுகின்றது. மலைப்பக்கத்துக் குடியானவர் தம் தோட்டத்துக் காய்கறிகளையும் செம்மறிப் பாற்கட்டிகளையும் கொண்டுவந்து, தூண்கள் தாங்கிய பெரிய கூரையின்கீழ்ப் பரப்பி வைக்கின்றனர். அன்று அங்கே படிகின்ற விலையைச் சுற்றுப்புறத்தார் தமக்கு அளவாகக் கொள்கின்றனர். அங்கே செல்லும் பயணி ஒருவன், எப்பொருள் எப்பக்கத்திலிருந்து வருகின்றது, யார் யாருக்கு விற்கின்றார் என்பவற்றை உற்றுநோக்கினால், அந்நாட்டு மலையையும் மழையையும் வீட்டு வாழ்வையும் அரை நாளிலே அறிந்துகொள்வான்.

ஒர்திசியாவுக்கும் கல்முனைக்கும் உள்ள முதல் வேறுபாடு கிழமை பற்றியது. மலைநாட்டிலே பண்ணைகள் ஒன்றுக்கொன்று சேய்மையில் உள்ளன. விற்பவனும் வாங்குபவனும் வாரத்தில் ஒரு நாள் குறித்துக் கூடினாலன்றி ஒருவரையொருவர் சந்தித்தல் அரிது. கீழைக் கரையிலோ ஊர்கள் சேய்மையில் இல்லை. பெரிய நீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என ஒரே வீதியில் ஒன்றன் மதில் முடியுமிடத்தில் மற்றொன்றன் மதில் தொடங்குகின்றது. ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் பிறந்ததைப் பெயர்ப்பலகை கண்டே அயலார் அறிய வேண்டும். இத்தகைய நெருக்கத்தில் வாரச் சந்தைக்குத் தேவையில்லை. நாள்தோறும் விடியுமுன் தொடங்கிப் பொழுது சாயும்வரை நிகழும் சந்தையே இங்கு பொருந்துவது.

நெருக்கத்துக்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. கிழக்கே வங்கக் கடல், மேற்கே நெல்வயல், இடையில் ஒடுங்கிய மணற்றிடர். கடற்கரையில் நின்று மேற்கே நடப்பவன் ஏறத்தாழ ஒரு நாழிகைப் பொழுதில் வயல்வரம்பை அடைந்துவிடுவான். வயல் பள்ளமானது, மாரியில் வெள்ளங்கொள்வது. ஆதலின் குடியிருப்பெல்லாம் மணல் மேட்டிலே செறிந்தது. ஊர்ப்பெயர்களும் இந்நிலத்தையே பேசுகின்றன. மருதமுனை, சாய்ந்தமருது என்பன நீர்க்கரையில் வளரும் மருத மரத்தின் பெயரைத் தாங்கியவை. அட்டாளைச்சேனை என்பது காவற்பரண் அமைத்த சேனைநிலத்தை நினைவூட்டுவது. அக்கரைப்பற்று என்பதில் நீரைக் கடந்து அக்கரைக்குச் சென்றவர்களின் பார்வை தெரிகின்றது. உள்நாட்டிலுள்ள சம்மாந்துறையின் பெயர், சம்பான் என்னும் ஓடங்கள் வந்தடைந்த துறை என்பதிலிருந்து பிறந்ததென ஊரார் கூறுவர். ஆண்டவர் பெயராலன்றி, மரத்தாலும் நீராலும் பரணாலும் பெயர் பெற்ற ஊர்கள் இவை.

இனிப் பொருள்கள் வரும் திசையை நோக்குக.

கிழக்கிலிருந்து வருவது மீன். வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கிய பின்னர்க் கரைவலைக் காலம் தொடங்கும். தோணியொன்று வலையைச் சுமந்து கடலில் வளைத்துச் சென்று மீளும். அதன் இரு கயிறுகளையும் இரண்டு வரிசையாக நிற்கும் ஆடவர் கரைக்கு இழுப்பர். வலையின் மடி கரை சேர்ந்ததும் மணலிலேயே மீன் குவிக்கப்பட்டு ஏலம் கூறப்படும். வலை உடையவர்க்கு ஒரு பங்கு, இழுத்தவர்க்கு ஒரு பங்கு எனப் பகுத்துக் கொள்ளுதல் வழக்கம். கீரியும் பாரையும் சூரையும் அங்கிருந்து சந்தைக்கும், சைக்கிளிலும் மோட்டார்ச் சைக்கிளிலும் பெட்டி கட்டிய வியாபாரிகளால் உள்ளூர்களுக்கும் செல்லும். மிகுந்தது கருவாடாகும். கடலில் இறங்குவோரில் தமிழரும் முஸ்லிம்களும் உளர். மணலில் ஏலம் எடுப்போரிலும் அவ்வாறே.

மேற்கிலிருந்து வருவது நெல். இக்கரையில் நெற்செய்கைக்கு ‘வெள்ளாமை’ என்றே பெயர். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைக்கும் பெரும்போகம் மாசி, பங்குனியில் அறுவடையாகும். குளத்து நீரை நம்பிய சிறுபோகம் ஆடி, ஆவணியில் முடியும். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வயலில் வேலை. வயல் அறுவடையாகும் வேளையில் கடல் திறக்கின்றது. ஒருவரிடம் காசில்லாத காலத்தில் மற்றவரிடம் காசு புழங்கும். மீனவன் மாரியில் அரிசியைக் கடனுக்கு வாங்குவதும், வயற்காரன் அறுவடைக்குமுன் கடையில் கணக்கு வைப்பதும் இக்கால ஓட்டத்தின் விளைவே. சந்தையின் கடன் புத்தகங்கள் இவ்விரு பருவங்களையும் தைத்து நிற்கும் நூல் எனலாம். கடன் கொடுத்தவன் கொடுமைக்காரனாவதும் உண்டு. அதை மறைப்பதிற் பயனில்லை.

அந்நெல்லுக்குரிய நீர் பழையது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் ஆட்சிசெய்த 1855 முதல் 1860 வரையிலான காலத்தில் இறக்காமம், அம்பாறை முதலிய சிதைந்த குளங்கள் திருத்தப்பட்டன. வயல் பெருகியது, நெல் பெருகியது, நெல்லை விலையாக்கும் இடமாகக் கரையூர்கள் வளர்ந்தன. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கப்பெற்று, பட்டிப்பளை ஆறு என முன்னோர் வழங்கிய ஆற்றை மறித்து இங்கினியாகலையில் பேரணை எழுந்தபின் உள்நாட்டின் முகமே மாறியது. புதிய குடியேற்றங்கள் உண்டாயின. 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் ஆயிற்று; கச்சேரி அம்பாறை நகரில் அமைந்தது. அலுவலுக்கு அம்பாறை, வணிகத்துக்குக் கல்முனை என்ற பிரிவு அன்று தொடங்கியதே. பத்திரம் ஒன்றில் முத்திரை பெறுவதற்காகத் தமிழ் பேசும் கரையூரார் உள்நாட்டு நகருக்கு அலைவது இன்றளவும் தீராத மனக்குறையாகும்.

வடக்கிலிருந்து, அதாவது மருதமுனையிலிருந்து, வருவது துணி. அவ்வூர்த் தறிகளில் நெய்த சாறனும் சேலையும் இலங்கை எங்கும் பெயர் பெற்றவை. நூலுக்குச் சாயமிடுதல், பாவு ஓட்டுதல், நாடா எறிதல் என வீட்டார் அனைவர்க்கும் அத்தொழிலிற் பங்குண்டு. 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது நாட்டின் கைத்தறிகள் பல ஓய்ந்தன. மருதமுனையும் அந்த அடியைத் தாங்க வேண்டியதாயிற்று. எனினும் தறியோசை அங்கே முற்றாக அடங்கவில்லை. துணியோடு சேர்த்து எண்ணத்தக்கது பன்பாய். சதுப்பு நிலத்தில் விளையும் பன்னை அறுத்து, உலர்த்தி, சாயமேற்றி, முஸ்லிம் பெண்கள் வீட்டுத் திண்ணையில் இழைக்கும் பாய்கள் அவை. சந்தையில் முகங்காட்டாத பெண்ணின் கைத்திறன் பாயாகச் சுருண்டு சந்தையில் நிற்கின்றது. எருமைத் தயிர்ச் சட்டிகளோ வீதியோரத்தில் அடுக்கடுக்காய் இருக்கும். தயிர் மேய்ச்சல் தரையைச் சார்ந்தது. தரை வயலாகவும் வீடாகவும் மாறுந்தோறும் எருமைப் பட்டிகள் தொலைவுக்குப் போகின்றன. கரட், கோவா, போஞ்சி முதலியன மலைநாட்டிலிருந்து லொறியில் வருவன. அவற்றைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. எந்தச் சந்தையிலும் அவை ஒன்றே.

அளவைகளைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். கிலோவும் லீற்றரும் வந்து நெடுங்காலமாயினும், வயலின் பரப்பை விதைநெல்லின் அளவால் கூறும் வழக்கம் முதியோரிடம் எஞ்சியுள்ளது. இத்தனை அவணம், இத்தனை மரைக்கால் விதைப்பு என்றால் அது நெல்லின் அளவுமாம், அந்நெல்லை விதைக்கக்கூடிய நிலத்தின் அளவுமாம். ஸ்பெயினிலும் இவ்வாறே ‘பானேகா’ என்றோர் அளவை வழங்கியது. காஸ்தீல் நாட்டிலே அது ஏறத்தாழ 55 லீற்றர் தானியம். அத்தானியத்தை விதைக்கும் நிலத்துக்கும் அதுவே பெயர். அச்சொல் அரபியிலிருந்து ஸ்பானியம் பெற்றது. எடையளவான ‘அறோபா’வும், சந்தையின் நிறை கோல்களைச் சோதித்த அதிகாரியின் பெயரான ‘அல்மொத்தசென்’ என்பதும் அரபு மூலத்தனவே. ஒரு சமயத்தார் ஆட்சி நீங்கிய பின்னும் அவர்தம் சந்தைச் சொல் நீங்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

ஸ்பெயினுக்கும் கல்முனைக்கும் உள்ள உறவு இந்த ஒப்புமையோடு முடிவதன்று. ஐபீரியத் தீபகற்பத்து மக்கள் அங்கு வாழ்ந்த முஸ்லிம்களை ‘மூர்’ என அழைத்தனர். 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், தமிழர் சோனகர் எனக் குறித்த வணிக மக்களுக்கும் அப்பெயரையே சூட்டினர். ஆங்கில அரசும் அதனைத் தன் ஏடுகளிலே நிலைநிறுத்தியது. பெயருடன் பகையும் கடல் கடந்து வந்தது. 1609 முதல் 1614 வரை, ஞானஸ்நானம் பெற்றிருந்தும் முன்னைய முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் என்ற காரணத்தால் மொரிஸ்கோக்கள் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டனர். ஏறத்தாழ அதே தலைமுறையில், போர்த்துக்கேயர் தம் வசமிருந்த கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, 1626இல் கண்டி அரசன் செனரத் அவர்களுள் 4,000 பேரளவில் மட்டக்களப்புப் பகுதியிலே குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்கள் கூறும் செய்தி. அதற்கு முன்னரும் இங்கு முஸ்லிம்கள் இருந்திருத்தல் கூடும். துரத்தப்பட்ட வணிகனை வயலுள்ள நாடு ஏற்றுக்கொண்டது. அவன் வயற்காரனும் ஆயினான். கீழைக் கரையின் முஸ்லிம்களைப் பிற இடத்து முஸ்லிம்களினின்றும் வேறுபடுத்துவது இவ்வயலே.

தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்ததன் பயனை வீட்டு அமைப்பிற் காணலாம். இரு சாராரும் தாய்வழிக் குடிமுறையைக் கைக்கொண்டவர்கள். குடி தாயினின்றும் பிள்ளைக்கு வருவது. கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் குடிவழியே தெரியப்பட்டனர். மகளுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்படும். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். ஆகவே மகள் பிறந்த வீட்டிலே மணல், செங்கல், ஓடு, மரம், பொன் என்னும் நினைவுகளும் உடன் பிறக்கின்றன. கல்முனைக் கடைத்தெருவில் மரக்காலைகளும் நகைக்கடைகளும் இரும்புக் கடைகளும் இத்துணை மிகுந்திருப்பதைக் கண்டு வியக்கும் அயலார் அவ்வூர் மகளிரின் சீதன வீட்டை நினைவு கூர்வாராக. நிலம் ஒடுங்கியது, மகளிரோ பலர். தாய் தன் வளவிலே ஒரு மூலையை மூத்த மகளுக்கும், மற்றொரு மூலையை இளையவளுக்கும் பகுத்துக் கொடுக்கக் கொடுக்க, முற்றம் ஒழுங்கையாயிற்று; ஒழுங்கை ஒருவர் மட்டும் நடக்கும் சந்தாயிற்று. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலைப் படித்தவர்க்கு இக்குடிமுறையின் பழைமை விளங்கும்.

பாண்டிருப்பும் கல்முனையின் ஒரு பகுதியும் தமிழரூர். கல்முனைக்குடி முஸ்லிம்களின் ஊர். சந்தையும் கடைத்தெருவும் அமைந்திருப்பது இவ்விரண்டும் சேரும் பொருத்தின்மீது. இதனை மனத்திற் கொள்ளாது கல்முனையை விளங்கிக்கொள்ளல் இயலாது. மணவுறவு இல்லாத, ஒரே வழிபாடில்லாத, ஆயினும் ஒரே மொழி பேசும் இரு மக்கள் நாள்தோறும் முகம் பார்த்துப் பேச வேண்டிய இடம் அது. பேச்சின் முறைகளும் அதற்கேற்ப அமைந்தன. தமிழ்ப் பெண் முஸ்லிம் வியாபாரியைக் ‘காக்கா’ என அழைப்பாள். அவர் அவளை ‘அக்கா’ என்றோ ‘தங்கச்சி’ என்றோ விளிப்பார். தமிழ் வியாபாரி முஸ்லிம் மூதாட்டியை ‘உம்மா’ என்று அழைப்பதும் உண்டு. “ஒள்ளுப்பம் குறைச்சுத் தாங்க காக்கா” என்று ஒருத்தி கேட்டால், “இதில மிச்சம் ஒண்டுமில்ல தங்கச்சி” என்று அவர் சிரிப்பார். ஈற்றில் இருவர் சொல்லுக்கும் இடைப்பட்ட விலையொன்று படியும். சிறிதளவைக் குறிக்கும் அந்த ‘ஒள்ளுப்பம்’ இரு சாராருக்கும் பொதுச் சொல். உறவுப் பெயரால் அழைப்பது உறவாகிவிடாது. எனினும் உறவுப் பெயரால் அழைத்தவனை ஏமாற்றுவதற்கு நாக்கு சற்றுக் கூசும். வணிகத்துக்கு அக்கூச்சம் போதும். பெரிய நீலாவணையிற் பிறந்த கவிஞர் நீலாவணனையும் (1931–1975), கல்முனைக்குடியிற் பிறந்த கவிஞரும் பேராசிரியருமான எம். ஏ. நுஃமானையும் ஒரே வட்டாரம் தந்ததில் வியப்பில்லை. இருவர் செவியிலும் வீழ்ந்த பேச்சு ஒன்றே.

பொருத்து வலுவிழந்தால் முதலில் விரிசல் காண்பதும் அவ்விடமே. 1985 ஏப்ரலில் காரைதீவிலும் அயலிலும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலகம் மூண்டு வீடுகள் எரிந்தன. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபோது கல்முனைப் பகுதியில் தமிழ்ப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் வடக்கே காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுது நின்ற முஸ்லிம்களும், பின்னர் ஏறாவூரில் முஸ்லிம்களும் கொல்லப்பட்டனர். கொலையுண்டோர் இரு பக்கத்தும் சந்தைக்கு வந்து போனவர்களே. அக்காலத்தில் தமிழர் முஸ்லிம் ஊரைக் கடந்து செல்லவும், முஸ்லிம்கள் தமிழரூர் ஓரத்து வயலுக்குப் போகவும் அஞ்சினர். விதைக்கப்படாத வயல்கள் பல ஆண்டுகள் கிடந்தன.

சந்தைக்கும் போருக்கும் உள்ள தொடர்பை ஸ்பெயினும் அறியும். பாஸ்க்கு நாட்டுக் கெர்னிக்கா என்னும் சிறு நகரிலே சந்தை நாள் திங்கட்கிழமை. 1937 ஏப்ரல் 26ஆம் நாள், ஒரு திங்கட்கிழமை, ஜெர்மனிய விமானங்களும் இத்தாலிய விமானங்களும் அந்நகர்மீது குண்டு பொழிந்தன. ஓவியர் பிக்காசோ அதனைத் தீட்டியதால் உலகம் அவ்வூரை மறக்கவில்லை. கல்முனையின் துயரைத் தீட்டியவர் இல்லை. ஆனால் கெர்னிக்காவை அழித்தது வானிலிருந்து வந்த அயலான். கல்முனையில் நேர்ந்த புண்களுள் சில, நேற்று ‘காக்கா’ என்றும் ‘அண்ணன்’ என்றும் அழைத்த அயல்வீட்டாரிடமிருந்து வந்தவை. ஆறுவதற்கு இதுவே கடினமானது.

அச்சத்தின் விளைவு ஒன்றைச் சந்தையில் தெளிவாகக் காணலாம். பயணம் அஞ்சத்தக்கதாகியபோது ஒவ்வோர் ஊரும் தனக்கென ஒரு சிறு கடைத்தொகுதியை வளர்த்துக்கொண்டது. காரைதீவார் காரைதீவிலும், சாய்ந்தமருதார் சாய்ந்தமருதிலும் வாங்கப் பழகினர். பொருள் கிடைத்தது, வேற்றாரைக் காணும் நிலை குறைந்தது. போர் 2009இல் முடிந்தும் அப்பழக்கம் முற்றாக மாறவில்லை.

இடையில் கடல் வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டது. மாவட்டங்களுள் மிகப் பெரிய இழப்பு அம்பாறையினுடையது; 10,000க்கு மேற்பட்ட உயிர்கள் அங்கே போயின. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய எல்லாவற்றிலும் கரையோர வீடுகள் மணலாயின. அலை சமயம் கேட்கவில்லை. அந்நாள்களில் கோயிலும் பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் வேறுபாடின்றி மக்களுக்கு இடம் கொடுத்தன. பின்னர் வந்ததோ வேறொரு இடர். வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டுதலாகாது என்று அரசு முதலில் விதித்தது. அகன்ற நிலமுள்ள மாவட்டத்துக்கு அது பொருந்தலாம். ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் மணற்றிடரிலே 200 மீற்றர் என்பது சிறிய துண்டன்று. விதி பின்னர்த் தளர்த்தப்பட்டது. எனினும் அதற்குள் குடியிருப்பு மேற்கே நகரத் தொடங்கியது. வயல்களில் மண் கொட்டி மேடாக்கி வீடெழுப்பினர். இன்று அவ்வழியே நடப்பவர், நெற்பயிருக்கு நடுவே புதுச்சுவர்கள் எழுந்து நிற்பதைக் காண்பர். அண்டை ஊரான் நிலத்தை வாங்குகின்றானா, விற்கின்றானா என்பதே இரு பக்கத்தும் கவலைக்குரிய பேச்சு.

நிலக் கவலை நிருவாக எல்லைக் கவலையாகவும் மாறியுள்ளது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுமையான செயலகமாக்க வேண்டும் என்பது தமிழரின் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கோரிக்கை. அதன் எல்லை கடைத்தெருவைத் தம்மிடமிருந்து பிரித்துவிடுமோ என்பது முஸ்லிம்களின் ஐயம். 2019 ஜூனில் இதன்பொருட்டு உண்ணாவிரதமும், அதற்கு எதிரான கிளர்ச்சியும் நிகழ்ந்தன. அவ்வாண்டு ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுத் தாக்குதல்களும், சில நாள்களின்பின் சாய்ந்தமருது வீடொன்றில் நிகழ்ந்த வெடிப்பும் ஊரெங்கும் ஐயத்தை விதைத்திருந்த நேரம் அது. சாய்ந்தமருது மக்களும் கல்முனை மாநகர சபையினின்றும் பிரிந்து தமக்கென மன்றம் வேண்டுமென நெடுநாளாகக் கேட்கின்றனர். அவர்களும் கல்முனைக்குடியாரும் ஒரே சமயத்தவரே. ஆதலின் எல்லாவற்றையும் இனப்பூசல் என ஒரு சொல்லில் அடக்குதல் பொருந்தாது. சந்தை வரியும் கடை வாடகையும் எந்த மன்றத்துக்குச் சேரும் என்பதே பூசல்களின் அடியில் கிடக்கும் கேள்வி. கோட்டைக்கு அரசர் போரிட்டது போலச் சந்தைக்கு மன்றங்கள் வழக்காடுகின்றன.

விழாக்காலத்தில் வருபவர்க்குச் சந்தையின் மற்றொரு முகம் தெரியும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் புரட்டாதியில் பதினெட்டு நாள் விழா நடந்து தீமிதிப்போடு நிறைவெய்தும். கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளியில், நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால், ஜமாதுல் ஆகிர் மாதத்திற் கொடியேற்றம் தொடங்கிப் பன்னிரண்டு நாள் நிகழும். ஆண்டகை அடக்கமானது நாகூரில். இங்குள்ளது அவர் நினைவுத் தலம். பழைய நாளில் தமிழரும் அங்கே நேர்த்தி வைத்துச் சென்றதுண்டு. முன்னையது ஞாயிற்றின் ஆண்டைப் பின்பற்றுவது. பின்னையது பிறைக் கணக்கைப் பின்பற்றி ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வது. எனவே சில ஆண்டுகளில் இரண்டும் நெருங்கி வரும். வளையல், விளையாட்டுப் பொருள், மஸ்கட், பூந்தி விற்போருக்கு அவை நல்ல ஆண்டுகள்.

வேறு நாள்களிற் செல்பவர் விடியுமுன் கடற்கரையில் நிற்பது நன்று. வைகாசி, ஆனி ஏற்ற மாதங்கள். வலை கரைசேர்ந்து ஏலம் முடிய வெயில் ஏறிவிடும். மீன்பெட்டியின் பின்னே நடந்து சந்தைக்குள் நுழைந்தால், முற்பகல் பத்து மணிக்குள் பேச்சும் விலையும் உச்சம் பெற்றிருக்கும். வெள்ளிக்கிழமையாயின் நண்பகலில் முஸ்லிம் கடைகள் ஜும்ஆத் தொழுகைக்காகச் சாத்தப்படும். அவ்வேளையில் மேற்கே நடந்து வயலோரம் போய்வரலாம். பிற்பகலில் மருதமுனை. தறியுள்ள வீட்டில் முன்கூட்டி அனுமதி கேட்டல் முறை. கேட்டால் தேநீரும் கிடைக்கும். மாலையில் மட்டக்களப்புப் பஸ் ஏறுமுன் தயிர்ச் சட்டி ஒன்று வாங்குவோர் அதன் வாயைக் கடதாசியால் இறுகக் கட்டித் தருமாறு கேட்டுக்கொள்ளல் வேண்டும். களுவாஞ்சிகுடி வரையிலாவது அதை மடியில் வைத்தே செல்ல நேரும்.